வைஃபை இருக்கிறது, இணையம் இல்லை: வன்னி வீடுகளுக்கான ரவுட்டர் கையேடு

கைபேசியில் வைஃபை கோடுகள் முழுதாக நிறைந்திருக்கும்; பிள்ளையின் சூம் வகுப்பு மட்டும் உறைந்து நிற்கும். அந்தக் கோடுகள் கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள சில மீற்றர் தூரத்தை மட்டுமே அளக்கின்றன. ரவுட்டருக்கு அப்பால் டவருக்கோ, வீதியோரத் தூணுக்கோ, அங்கிருந்து கொழும்புக்கோ போகும் பாதை அறுந்து கிடந்தாலும் அவை முழுதாகவே நிற்கும்.

வீட்டு இணையத்தை எப்போதும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் பாருங்கள். ரவுட்டருக்கு உட்பக்கம் உங்கள் பொறுப்பு. வெளிப்பக்கம் சேவை நிறுவனத்தின் பொறுப்பு. பழுது எந்தப் பக்கம் என்று தெரியாமல் புது ரவுட்டர் வாங்குவதும், உள்ளே இருக்கும் பழுதுக்கு நிறுவனத்துக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டிருப்பதும்தான் வன்னியில் பணமும் நேரமும் அதிகம் வீணாகும் இடங்கள். முத்தையன்கட்டிலோ துணுக்காயிலோ இருக்கும் வீட்டுக்குத் தொழில்நுட்பவியலாளர் நினைத்தவுடன் வந்துவிட முடியாது. அவர் வரும்முன் பக்கத்தைப் பிரித்தறிந்து வைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ரவுட்டர் செய்வது எது, நிறுவனம் செய்வது எது

வீட்டில் இருக்கும் கைபேசி, தொலைக்காட்சி, மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் ஓர் உள் முகவரி கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரி அது. கொடுக்கும் வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். நிறுவனமோ உங்கள் வீடு முழுவதற்கும் பொதுவாக ஒரேயொரு வெளி முகவரியைத்தான் தருகிறது. ஒரு வளவுக்குள் பத்துப் பேர் இருந்தாலும் வெளியே போக ஒரே படலைதான் என்பது போல, எல்லாச் சாதனங்களும் அந்த ஒரு முகவரி வழியாகவே வெளியே போய் வருகின்றன. யார் கேட்டது, பதில் யாருக்குப் போகவேண்டும் என்று கணக்கு வைத்துப் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். இதை நாட் என்பார்கள்.

நிறுவனம் முதலில் நீங்கள் யார் என்று பார்க்கிறது. 4ஜி இணைப்பில் சிம்மை வைத்தும், ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழை இணைப்பில் பெரும்பாலும் பெட்டியின் தொடர் இலக்கத்தை வைத்தும், பழைய செம்புக் கம்பி இணைப்பில் பயனர் பெயர், கடவுச்சொல்லை வைத்தும் அடையாளம் காணும். அதன் பின்னரே வெளி முகவரி தரும், பொதியில் எத்தனை ஜிபி போனது என்று எண்ணும், இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் சேவையையும் தரும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான எச்சரிக்கை வருகிறது. ரவுட்டரின் பின்னால் ஊசியால் அழுத்தும் சிறு துளை ஒன்று இருக்கும். மெதுவாக இருக்கிறது என்று அதைப் பத்து விநாடி அழுத்திவிட்டால் உள்ளே பதிந்திருந்த எல்லா அமைப்பும் அழிந்துவிடும். செம்புக் கம்பி இணைப்பாக இருந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதோடு போய்விடும். அவற்றை எழுதி வைத்திருக்காவிட்டால், இருந்த கொஞ்ச வேகமும் இல்லாமல் போகும். நிறுத்தி மீண்டும் போடுவது வேறு, அழிப்பது வேறு. நிறுத்துவதென்றால் சுவரில் சுவிட்சை அணைத்து, 30 விநாடி விட்டு மீண்டும் போடுங்கள், அது போதும்.

பழுது எந்தப் பக்கம்? ஐந்து நிமிடச் சோதனை

தொடங்கமுன் கைபேசியின் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் வைஃபை செத்திருந்தாலும் கைபேசி சிம் வழியாக இணையத்தை எடுத்து உங்களை ஏமாற்றும்.

முதலில் கைபேசியின் வைஃபை விபரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் சரி. கணினியில் 169.254 என்று தொடங்கினால், அல்லது கைபேசி "ஐபி முகவரி பெறுகிறது" என்றே சுற்றிக்கொண்டிருந்தால், ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. பழுது உங்கள் வீட்டுக்குள்.

அடுத்து ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். உலாவியில் 192.168.1.1 என்று அடிக்கவேண்டும். ஹுவாவி 4ஜி ரவுட்டர்கள் பலவற்றில் 192.168.8.1, அதே நிறுவனத்தின் ஃபைபர் பெட்டிகள் பலவற்றில் 192.168.100.1. சரியான முகவரியும் கடவுச்சொல்லும் ரவுட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். அந்தப் பக்கம் திறந்தாலே வீட்டுப் பக்கம் நலம் என்று அர்த்தம். இணையம் இல்லாவிட்டாலும் அது திறக்கும்.

அந்தப் பக்கத்தில் வெளி ஐபி முகவரி, அதாவது டபிள்யூஏஎன் ஐபி, எங்கே என்று தேடுங்கள். 0.0.0.0 என்றோ வெறுமையாகவோ இருந்தால் நிறுவனம் இன்னும் உங்களை உள்ளே விடவில்லை. கம்பி, சிக்னல், சிம், கட்டணம் ஆகிய நான்கில் ஒன்றில் சிக்கல். அங்கே ஒரு முகவரி இருந்தும் எதுவும் திறக்கவில்லையென்றால் கணினியின் கட்டளைச் சாளரத்தில், பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை 8.8.8.8 என்ற எண்ணுக்கு அனுப்பிப் பாருங்கள். எண்ணுக்குப் பதில் வருகிறது, தளப் பெயருக்கு வரவில்லை என்றால் டிஎன்எஸ் மட்டும்தான் பழுது. ரவுட்டரின் டிஎச்சிபி அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 1.1.1.1, 8.8.8.8 இரண்டையும் எழுதிச் சேமித்தால் தீர்ந்தது.

இவற்றோடு, அதே நிறுவனத்தின் இணைப்பு உள்ள பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் உங்கள் ரவுட்டரில் கை வைக்கவே வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் இழுபறியாக இருந்தால் பொதியில் மீதி இருக்கிறதா என்று நிறுவனத்தின் செயலியில் பாருங்கள். பகல் ஒதுக்கீடு முடிந்து இரவு ஒதுக்கீடு மட்டும் மிஞ்சியிருக்கும் பொதிகளில், இணைப்பு இருப்பது போலவே தெரியும். வேகம் மட்டும் தவழும். பொதியில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் எண்ணை எட்டால் வகுத்தால்தான் ஒரு விநாடிக்கு எத்தனை எம்பி இறங்கும் என்பது வரும். 16 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 2 எம்பி. அதற்குமேல் வராததைப் பழுது என்று நினைக்கவேண்டாம்.

4ஜி: டவரோடு பேசும் ரவுட்டர்

ஏ9 வீதியை விட்டு உள்ளே போனால் பல ஊர்களுக்கு வீட்டு இணையம் என்றால் 4ஜிதான். தூணும் கம்பியும் வேண்டாம். சிம்மைப் போட்ட ரவுட்டர் ஒன்றும் மின்சாரமும் போதும். அதனால்தான் ரவுட்டரை எங்கே வைப்பது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ரவுட்டர் முகப்பில் இருக்கும் சிக்னல் கோடுகளை நம்பாதீர்கள். அமைப்புப் பக்கத்தில், சாதன விபரம் என்ற பகுதியில், இரண்டு எண்கள் இருக்கும். ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் அலை எவ்வளவு பலமாக வந்து சேர்கிறது என்பது. அது எப்போதும் கழித்தல் எண். பூச்சியத்துக்குக் கிட்ட வர வர நல்லது. -80 டிபிஎம் அளவில் இருந்தால் மிக நன்று, -90 நல்லது, -100 சமாளிக்கலாம், -110 க்கு அப்பால் போனால் அறுந்து அறுந்து வரும். எஸ்ஐஎன்ஆர் என்பது அந்த அலை எவ்வளவு தெளிவாக, இரைச்சலும் குறுக்கீடும் இல்லாமல் வருகிறது என்பது. 20 க்கு மேல் அருமை, 13 க்கு மேல் நல்லது, பூச்சியத்துக்குக் கீழே போனால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. பலரும் பலத்தை மட்டும் பார்த்து இடம் தெரிவு செய்கிறார்கள். வேகத்தைத் தீர்மானிப்பதில் தெளிவுக்கே கூடுதல் பங்கு. இரண்டு டவர்களுக்கு நடுவில் இருக்கும் வீட்டில் மொட்டை மாடியை விட, ஒரு டவரைச் சுவர் மறைக்கும் அறையில் நல்ல வேகம் கிடைப்பது இதனால்தான்.

இடம் தேடும் முறை: நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றோடு ரவுட்டரை வீட்டின் ஒவ்வொரு யன்னலுக்கும் கொண்டு போங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு நிமிடம் விடுங்கள். எண்கள் உடனே நிலைக்காது. இரண்டு எண்களையும் தாளில் எழுதுங்கள். பிறகு நல்ல இரண்டு இடங்களில் மட்டும் வேகச் சோதனை செய்யுங்கள், அதிகாலை 5 மணிக்கு ஒருமுறை, இரவு 8 மணிக்கு ஒருமுறை. அதிகாலையில் 25 எம்பிபிஎஸ் வந்து இரவு 2 ஆக விழுந்தால், டவரை ஊரே பகிர்ந்துகொள்கிறது என்று பொருள். அதற்கு அன்டெனா வாங்குவதால் பெரிதாக மாற்றம் வராது. பதிவிறக்கங்களை விடியப்புறத்துக்குத் தள்ளுவதும், அந்த இடத்தில் நெரிசல் குறைந்த வேறு நிறுவனத்தை ஒரு முற்கொடுப்பனவு சிம்மால் கைபேசியில் சோதித்துப் பார்ப்பதும்தான் வழி. இரண்டு நேரமும் ஒரே மாதிரி மோசமென்றால் சிக்னல்தான் குறை. அப்போது அன்டெனா உதவும்.

வன்னி தட்டையான நிலம். அலையை மறிப்பது மலையல்ல, மரம். மழைக்குப் பின் நனைந்த இலைகள் காய்ந்த இலைகளை விட அலையை அதிகம் விழுங்கும். எனவே மாரியில் சிக்னல் குறைவது கற்பனையல்ல. வேம்பும் பாலையும் அடர்ந்த வளவில் நன்றாகவே தெரியும். கூரை உயரத்துக்குமேல் நாலைந்து மீற்றர் ஏற்றினால் கிடைக்கும் மாற்றம், விலை கூடிய அன்டெனாவை யன்னலில் கட்டுவதை விடப் பெரியது.

வெளி அன்டெனா வைப்பதில் பெரும்பாலானோர் தோற்கும் இடம் கேபிள். ஆர்ஜி58 என்ற மெல்லிய கேபிள் 4ஜி வீட்டு இணையம் பாவிக்கும் 2300 மெகாஹேர்ட்ஸ் அளவில் ஒரு மீற்றருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் தின்னும். 10 டெசிபல் தரும் அன்டெனாவை வாங்கி, 10 மீற்றர் மெல்லிய கேபிளில் இறக்கினால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. எல்எம்ஆர்400 வகைத் தடித்த கேபிளில் அதே 10 மீற்றருக்கு இழப்பு 2 டெசிபல் அளவுதான். விலை உறைக்கும்தான். அதைவிட நல்ல வழி, வெளியில் பொருத்தும் வகை 4ஜி ரவுட்டரைக் கம்பத்திலேயே ஏற்றி, அங்கிருந்து இணைய வயர் ஒன்றை மட்டும் இறக்குவது. மின்சாரமும் அதே வயரில் போகும்; 100 மீற்றர் வரை இழப்பைப் பற்றிக் கவலையில்லை.

அன்டெனாவைக் கட்டும்போது இரண்டு கேபிளையும் செருகவேண்டும். 4ஜி இரண்டு வழியாக ஒரேநேரத்தில் பேசும். ஒன்றை மட்டும் செருகினால் வேகம் பாதியளவுக்கு விழலாம். திசையை 10 பாகை 10 பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு திருப்பத்துக்கும் எஸ்ஐஎன்ஆர் எண்ணைப் பாருங்கள். கிட்ட இருக்கும் டவர்தான் சிறந்தது என்றில்லை. சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் கம்பம் மெல்லத் திரும்பிவிடும். ஒரு போல்ட்டால் நிற்கும் கம்பத்துக்கு இரண்டாவது போல்ட்டும் இழுவைக் கம்பியும் போடுங்கள். கேபிள் முனைகளில் தண்ணீர் ஏறாமல் ரப்பர் டேப்பால் சுற்றி, வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளையம் விட்டால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

சிம்மைக் கழற்றி வேறு ரவுட்டரில் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சில வீட்டுப் பொதிகளில் சிம் குறிப்பிட்ட ரவுட்டரோடு, அல்லது குறிப்பிட்ட இடத்தோடு கட்டப்பட்டிருக்கும்.

ஃபைபர்

வவுனியா, கிளிநொச்சி போன்ற நகரங்களை அண்டி இருப்பவர்களுக்கு ஃபைபர் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். கண்ணாடி இழையில் ஒளி வருகிறது. ஒரு பிரதான இழையைப் பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கலாம். மழை, மின்னல் இரைச்சல் எதுவும் ஒளியைக் கெடுக்காது.

பெட்டியில் இரண்டு விளக்குகளைப் பாருங்கள். பிஓஎன் என்று எழுதியது பச்சையாக அசையாமல் நிற்கவேண்டும். மினுங்கிக்கொண்டே இருந்தால் ஒளி வருகிறது, பதிவு நடக்கவில்லை. எல்ஓஎஸ் என்பது சிவப்பில் மினுங்கினால் ஒளியே வரவில்லை. அப்போது ரவுட்டரை எத்தனை தரம் நிறுத்திப் போட்டாலும் பயனில்லை. பெட்டிக்குள் போகும் பச்சை முனை முழுதாக அமர்ந்திருக்கிறதா, அலுமாரியை நகர்த்தும்போது இழை நசிந்ததா, எலியோ அணிலோ கடித்ததா என்று பாருங்கள். இழையை 3 சென்ரிமீற்றரை விடச் சிறிய வளையமாக மடிக்கவோ, ஆணியடித்து இறுக்கவோ கூடாது. பச்சை முனை சரிவாக வெட்டப்பட்டது. நீல முனை நேராக வெட்டப்பட்டது. இரண்டையும் மாற்றிச் செருகினால் ஒளி பெருமளவு திரும்பிப் போகும். முனையைச் சட்டைத் துணியால் துடைக்கவேண்டாம், கண்ணருகே வைத்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

அமைப்புப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவு இருக்கும். -15 க்கும் -25 டிபிஎம்முக்கும் இடையில் இருந்தால் நிம்மதி. -27 என்பது பொதுவான பெட்டிகளின் எல்லை. அதைத் தொட்டால் அடிக்கடி அறும். இணைப்புத் தந்த அன்றே இந்த எண்ணை எழுதி வையுங்கள். பின்னொரு நாள் -19 ஆக இருந்தது -26 ஆகியிருந்தால், வீதி வேலையில் பெக்கோ கேபிளை இழுத்ததோ, தூணில் இழை மடிந்ததோ, ஏதோ நடந்திருக்கிறது. முறைப்பாடு சொல்லும்போது "மெதுவாக இருக்கு" என்பதை விட இந்த இரண்டு எண்களும் நூறு மடங்கு பயன் தரும்.

செம்புக் கம்பியும் செய்மதியும்

பழைய தொலைபேசிக் கம்பியில் இணையம் வைத்திருப்போர் இன்னும் இருக்கிறார்கள். தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட வேகம் விழும். 5 கிலோமீற்றருக்கு அப்பால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொலைபேசிக்கும் வடிகட்டி இருக்கவேண்டும். கதைக்கும்போது கரகரவென்று சத்தம் வந்தால் எங்கோ இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. அதை இணையப் பழுதாகச் சொல்லாமல் தொலைபேசிப் பழுதாகச் சொல்லுங்கள், கம்பியைத் தேடி வருவார்கள். ரவுட்டரைப் புதிதாக அமைப்பதென்றால் ஸ்ரீலங்கா டெலிகொம் இணைப்புக்கு விபிஐ 8, விசிஐ 35, பிபிபிஓஇ என்று கொடுக்கவேண்டும்.

செய்மதி வழி இணையமான ஸ்டார்லிங்க் 2025 இல் இலங்கையில் தொடங்கியது. டவர் எட்டாத காட்டோர ஊருக்கு அது உண்மையான தீர்வு. அலை வாங்கும் அதன் தட்டுக்கு மேல் வானம் திறந்திருக்கவேண்டும், தென்னோலை ஒன்று குறுக்கே ஆடினாலும் சில விநாடிகள் அறும். வழமையான தட்டு 75 முதல் 100 வாட் வரை இழுக்கும் என்பதால் மின்வெட்டுக்கான ஏற்பாடும் பெரிதாக வேண்டும்.

வீட்டுக்குள்

ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள், தொலைக்காட்சிக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கியின் கீழ் வைக்கவேண்டாம். உலோகமும் தண்ணீரும் வைஃபையை மறிக்கும். தகரம் அடித்த குசினிக்குள் அலை நுழையாதது ரவுட்டரின் குற்றமல்ல. வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், காற்றோட்டமாக ஒரு தட்டு போதும். வைஃபையின் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸுக்கு வேகம் அதிகம், ஆனால் இரண்டு சீமெந்துக் கல் சுவரோடு களைத்துவிடும். 2.4 இல் சனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றையே தெரிவு செய்யுங்கள். மற்றவை ஒன்றோடொன்று மோதும்.

வீட்டில் எடுத்த இணைப்பை முன்னாலுள்ள கடைக்கும் கொண்டு போவது வன்னியில் வழமை. அதற்கு வைஃபை பெருக்கி வாங்காமல் வயர் இழுங்கள். பழைய ரவுட்டர் ஒன்று போதும். அதை முதலில் கணினியோடு தனியே இணைத்து, அதன் உள் முகவரியை மாற்றவேண்டும்: முதல் ரவுட்டர் 192.168.8.1 என்றால் இதற்கு 192.168.8.2. பிறகு இதன் டிஎச்சிபியை நிறுத்துங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் முதலாவதில் உள்ளதே இருக்கட்டும், சனல் மட்டும் வேறாகட்டும். வீட்டிலிருந்து வரும் வயரை டபிள்யூஏஎன் (வெளி இணைப்பு) துளையில் செருகாமல் லான் (உள் இணைப்பு) துளையில் செருகுங்கள். டிஎச்சிபியை நிறுத்த மறந்தால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில கைபேசிகளில் வரும், சிலவற்றில் வராது, காரணம் தேடிக் களைத்துப்போவீர்கள்.

வயர் வாங்கும்போது முழுச் செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேளுங்கள். கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரிவது அலுமினியம். அது மலிவு, ஆனால் மடித்த இடத்தில் முறியும். வெளியே போகும் வயரை எஸ்லோன் பைப்புக்குள் விடுங்கள்; வெயிலுக்கு வெறும் வயரின் உறை இரண்டொரு கோடையில் வெடிக்கத் தொடங்கும்.

கடவுச்சொல்லை ஊரறிய விட்டால் பொதி மாதம் முடியுமுன் முடியும். அமைப்புப் பக்கத்தில் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலை இடைக்கிடை பாருங்கள். ரவுட்டரின் அடியில் உள்ள நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

கண்காணிப்புக் கமரா ஏன் வெளிநாட்டில் தெரிவதில்லை

வளவில் கமரா பூட்டி, கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் மகன் பார்க்கவேண்டும் என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பூட்டியவர் ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வழி ஒன்றைத் திறந்துவிட்டுப் போவார். வீட்டில் தெரியும், வெளியில் தெரியாது. ரவுட்டரின் டபிள்யூஏஎன் ஐபியைப் பாருங்கள். அது 10 என்று தொடங்கினால், அல்லது 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், நிறுவனம் உங்களையும் வேறு பலரையும் ஒரே வெளி முகவரியின் பின்னால் வைத்திருக்கிறது. இதற்கு சிஜிநாட் என்று பெயர். உலகில் பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துபோனதால் வந்த ஏற்பாடு. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் அதற்கு வெளியே இருக்கும் நிறுவனத்தின் கதவு திறக்காது. கமராப் பெட்டியின் பி2பி வசதியைப் பாவியுங்கள். பெட்டியே வெளியே போய்த் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ளும் என்பதால் தடை இல்லை. அல்லது நிலையான வெளி முகவரி உள்ள வணிகப் பொதி எடுக்கவேண்டும்.

டேட்டாவையும் கணக்கிடுங்கள். ஒரு கமராவின் சிறிய படமே 512 கேபிபிஎஸ் வேகத்தில் நாள் முழுக்க ஓடினால் நாளுக்கு 5.5 ஜிபி. நான்கு கமராவை மேகச் சேமிப்பில் போட்டால் எந்த வீட்டுப் பொதியும் தாங்காது. பதிவு பெட்டியின் வன்தட்டிலேயே இருக்கட்டும். அசைவு வந்தால் மட்டும் படம் அனுப்பும்படி வையுங்கள்.

கரண்டும் மின்னலும்

வீட்டு ரவுட்டர் 6 முதல் 12 வாட் வரைதான் இழுக்கும். 12 வோல்ட் சிறு யூபிஎஸ் ஒன்று போதும். 8800 எம்ஏஎச் என்று பெட்டியில் எழுதியிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. 8.8 ஐ 3.7 ஆல் பெருக்கினால் 32.6 வாட் மணி. மாற்றத்தில் இழப்புப் போக 27 அளவு. 8 வாட் ரவுட்டருக்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் எழுதிய வோல்ட்டைப் பாருங்கள். சில பழைய ரவுட்டர்கள் 9 வோல்ட், 12 கொடுத்தால் எரியும். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியென்றால் இரண்டுக்கும் கொடுக்கவேண்டும். சோலார் பற்றரியிலிருந்து நேரே கொடுக்கவேண்டாம். சார்ஜ் ஏறும்போது பற்றரி 14.4 வோல்ட் வரை போகும், நடுவில் 12 வோல்ட் சீராக்கி ஒன்று வையுங்கள். நீண்ட மின்வெட்டில் உங்கள் ரவுட்டரின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தும் 4ஜி போய்விட்டால், டவரின் பற்றரி தீர்ந்துவிட்டது. அதற்கு உங்களால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து வருகிறதா? ஆள் கூடி எல்லோரும் பாவிக்கும் நேரத்தில் மட்டும் அப்படிச் செய்தால் சந்தேகம் முதலில் அடாப்டர்மேல். வெறுமனே அளந்தால் 12 காட்டும். ரவுட்டரோடு இணைத்து அளக்கும்போது 11 க்குக் கீழே போனால் அடாப்டரை மாற்றுங்கள். அடாப்டரின் விலை ரவுட்டரின் விலையில் சிறு பங்குதான். மாலையில் வோல்ட் குறைவதை அடாப்டர் தாங்கும், அது 100 முதல் 240 வரை ஏற்கும். போன கரண்ட் திரும்ப வரும் கணத்தில் எழும் எழுச்சியும், லைனில் நியூட்ரல் அறுவதும்தான் கொல்லும். கரண்ட் போனவுடன் பிளக்கைக் கழற்றி, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

மார்ச், ஏப்ரல் மாதங்களும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களும் இடிமின்னல் காலம். வானம் இருண்டால் சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது; பிளக்கைக் கழற்றவேண்டும். செம்புக் கம்பி இணைப்பென்றால் தொலைபேசி வயரையும், வெளி அன்டெனா இருந்தால் அதன் கேபிளையும், கடைக்குப் போகும் வயரையும் கழற்றுங்கள். ரவுட்டர்கள் மின்னலில் சாவது பெரும்பாலும் கூரையில் விழுந்த இடியால் அல்ல, தூரத்தில் விழுந்தது இந்தக் கம்பிகள் வழியே வந்து சேர்வதால். ஒளி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கும் உருக்குக் கம்பி கடத்தும், அதைத் தொழில்நுட்பவியலாளர் வீட்டுக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்தியிருக்கவேண்டும். அன்டெனாக் கம்பத்துக்கு நிலத்தொடுப்பு அவசியம். இடி முழங்கத் தொடங்கிய பின் இவற்றில் எதையும் தொடவேண்டாம். ரவுட்டர் போனால் போகட்டும்.

சூட்டுக்கு எறும்பு ரவுட்டருக்குள் கூடு வைக்கும், பல்லி முட்டையிடும். மருந்து அடிக்காதீர்கள், தகட்டை அது அரிக்கும். பிளக்கைக் கழற்றி, தூரிகையால் தட்டி, சுவரில் தொங்கும் தட்டுக்கு மாற்றுங்கள். கிரவல் வீதியோர வீடென்றால் மூன்று மாதத்துக்கொருமுறை தூசி தட்டவேண்டும்.

நிறுவனத்துக்கு அடிக்கும்போது

ஸ்ரீலங்கா டெலிகொம்முக்கு 1212, டயலொக்குக்கு 1777. தமிழில் கதைக்கலாம். கையில் இருக்கவேண்டியவை: கணக்கு இலக்கம், பெட்டியின் தொடர் இலக்கம், பழுது தொடங்கிய நாளும் நேரமும், எந்த விளக்கு எந்த நிறத்தில், டபிள்யூஏஎன் ஐபி இருக்கிறதா இல்லையா, ஒளி அளவோ ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் எண்களோ. வேகக் குறைவென்றால் வைஃபையில் எடுத்த சோதனையை ஏற்கமாட்டார்கள், அது நியாயமும்கூட. மடிக்கணினியை வயரால் இணைத்து, மற்றச் சாதனங்களை நிறுத்தி, மூன்று வெவ்வேறு நேரங்களில் எடுத்ததை வைத்திருங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதாமல் தொடர்பைத் துண்டிக்கவேண்டாம். அந்த இலக்கம் இல்லாமல் மறுநாள் அடித்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பலமுறை சொல்லியும் தீராவிட்டால், அந்த இலக்கங்களோடு இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடலாம்.

ஆள் வந்து திருத்தினால், அவர் படலை தாண்டுமுன் உங்கள் கணினியை வயரால் இணைத்து வேகத்தைப் பாருங்கள். புதிய ஒளி அளவையோ சிக்னல் எண்களையோ திகதியோடு எழுதி, ரவுட்டரின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.